வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஒரு வாசல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டதும், ராக்கெட்டைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் எண்ணினேன். எழுத உட்கார்ந்தால் கண் முன் வந்து நின்றது வெலிங்டனில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு பழைய மரப்பெட்டி. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்தப் பெட்டி ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையர். கட்டியவர் என் சின்னத் தாத்தா. பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர். ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ரேடியோ மெக்கானிக்காகப் பதினாறு ஆண்டுகள் இருந்துவிட்டு 1981-இல் பென்ஷனோடு ஊர் திரும்பினார். திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை இந்த ஆம்ப்ளிஃபையர்தான். உள்ளே டிரான்சிஸ்டர் கிடையாது, எல்லாம் வால்வு. இரண்டு ஈசிசி83, இரண்டு இஎல்84. நான்கிலும் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் முத்திரை இருக்கும். அந்த நிறுவனம் 1954-இல் தொடங்கப்பட்டது. நம் நாட்டு வானொலிப் பெட்டிகளுக்கு வேண்டிய வால்வுகளை ஒரு காலத்தில் அது தயாரித்து வந்தது. இப்போது அந்தத் தயாரிப்பு இல்லை. இன்று வால்வு வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ சீனாவிலிருந்தோதான் வர வேண்டும்.

இந்தக் காலத்தில் எதற்கு வால்வு என்று நண்பர்கள் கேட்கலாம். டிரான்சிஸ்டர் 1947-லேயே வந்துவிட்டது; வானொலியும் தொலைக்காட்சியும் வால்வை எப்போதோ கைவிட்டன. கைவிடாதவர்கள் கிட்டார் வாசிப்பவர்கள். வால்வுக்கு அளவுக்கு மீறிய சைகையைக் கொடுத்தால் அது அலையின் தலையையும் காலையும் தறித்துவிடும். பொறியாளர் இதைச் சிதைவு என்பார். கிட்டார்க்காரர் இனிமை என்பார். 1960-களிலிருந்து இந்த வழக்கில் கிட்டார்க்காரர் பக்கமே தீர்ப்பாகி வருகிறது.

எங்கள் பகுதியில் ஒரு மெல்லிசைக் குழு உண்டு. கோயில் திருவிழா, கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று எதுவானாலும் போவார்கள். அதில் லீட் கிட்டார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் சின்னத் தாத்தாவிடம் அந்தப் பெட்டியை வாங்கிப் போய் வாசிப்பார். சென்ற ஆண்டு அவர் ஒரு எக்கோ பெடல் வாங்கினார். காலால் மிதித்தால் வாசித்த ஸ்வரம் சற்று நேரம் கழித்துத் திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்ந்து மறையும். பெடலைக் கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் இணைத்து, வால்யூமை ஏற்றி வாசித்தார். வந்தது எக்கோ அல்ல, சந்தை இரைச்சல். பெடல் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகக் கிளம்பியவரை நிறுத்தி, "அண்ணா, பெடல் மேல் தப்பில்லை, வைத்த இடம் தப்பு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ஏன் என்று எனக்கே அப்போது முழுதாகத் தெரியாது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் மலைகளில் ஒரு பாறைச் சரிவுக்கு எதிரே நின்று கூவினால் குரல் திரும்பி வருகிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். சரிவு 68 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 136 மீட்டர், 0.4 நொடியில் குரல் திரும்பும். பெடல் மின்சாரத்தில் செய்வதும் இந்த வேலைதான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒலி பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்வரம் 8 என்றால் எதிரொலிகள் 4, 2, 1 என்று இறங்கும். இந்தத் தேய்மானம் இருப்பதால்தான் காது அதை எதிரொலி என்று அறிகிறது.

இப்போது 1-க்கு மேல் எது வந்தாலும் 1-ஆகத் தறித்துவிடும் ஒரு வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். எக்கோவை அதற்கு முன்னால் வைத்தால் 8, 4, 2, 1 உள்ளே போகும். வெளியே வருவது 1, 1, 1, 1. தேய வேண்டிய எதிரொலி தேயவே இல்லை! அதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிட, இரண்டும் கூடி ஒன்றாக நசுங்குகின்றன. 220 ஹெர்ட்ஸும் 330 ஹெர்ட்ஸும் சேர்ந்து நசுங்கினால் யாரும் வாசிக்காத 110-ம் 550-ம் பிறக்கும். சந்தை இரைச்சலுக்குக் காரணம் இவைதான். எக்கோவைத் தறிப்புக்குப் பின்னால் வைத்தாலோ, 8 முதலில் 1-ஆகிறது. பிறகு அந்த 1 அரை, கால், அரைக்கால் என்று ஒழுங்காகத் தேய்கிறது. பொருள்கள் அவையே, வரிசைதான் வேறு. கொத்தமல்லித் தழையைப் புளியோடு சேர்த்துக் கொதிக்க விடுவதற்கும், ரசத்தை இறக்கிய பின் மேலே தூவுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தறிப்பே இல்லாத தெளிந்த ஒலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டுக் கிட்டாரை அந்த அண்ணன் வாசிக்கும்போது பெடல் முன்னால் இருந்தும் அழகாகவே கேட்டது. ஆம்ப்ளிஃபையரை விரட்டி வாசிக்கும் பாட்டுகளில்தான் சிக்கல். லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958-இல் 'காப்பிகேட்' என்ற டேப் எக்கோவை விற்கத் தொடங்கியபோது, அதைக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் வைப்பதே வழக்கம். அன்று தெளிந்த ஒலியே பெரும்பாலும் வேண்டியிருந்ததால் யாரும் குறை காணவில்லை. ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே தறிக்கும் பழக்கம் பெருகிய பிறகு, 1970-களின் கடைசியில் கலிபோர்னியாவின் மெசா பூகி போன்ற தயாரிப்பாளர்கள் பெட்டியின் நடு வயிற்றில் இரண்டு துளைகளைத் திறந்துவிட்டார்கள். ஒன்றின் வழியாகச் சைகை வெளியே போகும். மற்றதன் வழியாகத் திரும்பி வரும். இதற்குத்தான் 'எஃபெக்ட்ஸ் லூப்' என்று பெயர்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் உண்மையில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பெருக்கிகள். முதல் பகுதியான முன்பெருக்கி, கிட்டாரிலிருந்து வரும் சுமார் 150 மில்லிவோல்ட்டை வாங்கிப் பெரிதாக்குகிறது. ஈசிசி83-இன் ஒரு பாதி 50 மடங்குக்கு மேல் பெருக்கும். ஆகவே முதல் பாதியிலேயே 8 வோல்ட் ஆகிவிடும். இரண்டாம் பாதியின் கிரிட் தாங்குவது ஒன்றரை வோல்ட் அளவுதான். வால்யூமைத் திறந்துவிட்டால் அங்கே தறிப்பு நடக்கிறது. அதன் பிறகு பாஸ், டிரெபிள் திருகுகள். அதற்கும் அடுத்தது திறன்பெருக்கி: அலையை இரண்டாகப் பிரித்துத் தரும் ஒரு வால்வு, ஸ்பீக்கரைத் தள்ளும் இரண்டு இஎல்84. வாசல் வைக்க வேண்டிய இடம் டோன் திருகுகளுக்கும் திறன்பெருக்கிக்கும் நடுவில் என்பது படத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

புரிந்ததும் அவசரப்பட்டேன். ஒருநாள் சின்னத் தாத்தா கோயமுத்தூர் போயிருந்த சமயம் பார்த்துப் பெட்டியின் முதுகைத் திறந்தேன். வால்வுகள் உடைந்துவிடுமே என்று முதலில் நான்கையும் கழற்றிப் பத்திரமாக வைத்தேன். நடுவிலிருந்த ஒரு கம்பியின் பற்றவைப்பை எடுத்து, அந்த இரு முனைகளையும் இரண்டு ஒயர்களில் காற்றுத் துளை வழியாக வெளியே கொண்டுவந்து பெடலில் சேர்த்தேன். கால் மணி நேர வேலை. எவ்வளவு எளிது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று மாலை ஒத்திகையில் பெருமை போயிற்று. பெடல் கரகரவென்று அலறியது. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிட்டது. மறுநாள் சின்னத் தாத்தாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணினியா?"

நான் பண்ணவில்லை. அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அவர் பேசாமல் பெட்டியைப் போட்டு, அணைத்து, என்னைப் போலவே வால்வுகளைக் கழற்றி வைத்தார். பத்து நிமிடம் கழித்து மீட்டரை எச்.டி. லைனில் வைத்தார். முள் 280 வோல்ட்டில் நின்றது. பிளக் சுவரில் இல்லை; சுவிட்ச் அணைந்திருக்கிறது; ஆனாலும் 280 வோல்ட். வால்வுகள் சூடாக இருந்தால் அவற்றின் வழியாகவே மின்தேக்கி வடிந்துவிடும். நான் ஜாக்கிரதை என்று நினைத்து வால்வுகளைக் கழற்றியதால் வடிகாலே இல்லாமல் போயிற்று. 47 மைக்ரோபாரட், 320 வோல்ட். தேங்கும் ஆற்றல் ஏறக்குறைய 2.4 ஜூல். வகுப்பில் இந்தச் சூத்திரத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வாங்கிய மறு வாரமே அந்த 2.4 ஜூலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி என் விரல்கள் விளையாடியிருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சுவருக்கு வெள்ளையடிக்கும் கூலி வேலை; அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். அவர்களிடம் சின்னத் தாத்தா இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, மலர் அச்சாகி வந்தால் தெரிந்துகொள்வார்கள்.

ஆகவே இதைச் செய்ய விரும்பும் நண்பர்களுக்கு முதற்கண் சொல்வது இதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் ஒரு முனையைச் சேசிஸில் பற்றவைத்துவிட்டு, மறுமுனையை உறை போட்ட குறட்டால் பிடித்து மின்தேக்கியில் சில நொடிகள் வையுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள். பூஜ்யம் வந்த பிறகும் இடக்கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; மின்சாரம் ஒரு கையில் நுழைந்து மறுகையில் வெளியேறினால் நடுவில் இருப்பது நெஞ்சு. முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இனி என் தவறுகள். முதலாவது அளவு. டோன் திருகுகளுக்குப் பின் சைகை 20 வோல்ட் வரை ஆடும். பெடலுக்கு உயிர் கொடுப்பது 9 வோல்ட் பாட்டரி. குடத்துத் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிவிட்டுத் தம்ளர் வழிகிறது என்று புகார் சொன்னேன். பெடலுக்குள் போகுமுன் சைகையை இறக்கவும், திரும்பியதும் ஏற்றவும் வேண்டும்.

இரண்டாவது தவறு நுட்பமானது. சைகை புறப்படும் இடத்தின் மின்தடை ஏறக்குறைய 250 கிலோ ஓம். மேடையில் பெடல் வாசிப்பவரின் காலடியில் இருக்கும். பெட்டி பின்னால் இருக்கும். ஒயர் ஆறு மீட்டராவது வேண்டும். கவச ஒயருக்கு மீட்டருக்கு 100 பைக்கோபாரட் என்று வைத்தால் மொத்தம் 600. முதலாண்டு செய்முறை வகுப்பில் நாம் எல்லோரும் செய்த அதே மின்தடை-மின்தேக்கி வடிகட்டி இது! ஒன்றை 2 பை, ஆர், சி ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் 1060 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்கு மேலுள்ள ஒலி எல்லாம் ஒயரிலேயே வடிந்துவிட்டது. போர்வை போர்த்தியது பெடல் அல்ல, ஒயர். மின்தடையை 4.7 கிலோ ஓம் ஆக்கிவிட்டால் அதே ஒயரில் எல்லை 56,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், வௌவாலுக்கே போதும்.

நீண்ட கம்பியில் அனுப்புமுன் சைகைக்குத் தெம்பு ஊட்ட வேண்டும் என்பதற்கு நம் ஊட்டியிலேயே பெரிய சான்று இருக்கிறது. முத்தோரையில் 1970-இல் அமைக்கப்பட்ட வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதில் உள்ள 1056 சிறு ஏரியல்களில் ஒவ்வொன்றின் பின்னாலும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சிறு பெருக்கியைப் பொருத்தினார்கள். விண்ணிலிருந்து வரும் மெல்லிய சைகை கம்பியில் இழக்கப்படுமுன்பே பெருக்கிவிட வேண்டும் என்பதே நோக்கம். அங்கே கவலை இரைச்சல், இங்கே கவலை டிரெபிள். ஆனாலும் முந்த வேண்டியது எது என்ற கேள்வி ஒன்றுதான்.

விடை ஒரே ஒரு ஈசிசி83. அதற்குள் இரண்டு வால்வுகள் இருப்பது பெரிய வசதி. ஒரு பாதியைக் 'கேதோடு பாலோயர்' ஆக்கினோம். அது சைகையை உயர்த்தாது. ஆனால் புறப்படும் மின்தடையை ஒரு கிலோ ஓமுக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அதன் கேதோடில் ஏறக்குறைய 60 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்பதால் 0.1 மைக்ரோபாரட், 400 வோல்ட் மின்தேக்கி ஒன்று அதைத் தடுக்கிறது. அதன் பின் 100 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் என்று ஒரு பகுப்பான். 20 வோல்ட் 0.9 ஆக இறங்கி, பெடலுக்கு ஏற்ற அளவாகிறது. இந்தப் பகுப்பானால் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. என்றைக்காவது அந்த மின்தேக்கி ஷார்ட் ஆனாலும் பெடல் பக்கம் வருவது 3 வோல்ட்டுக்கும் குறைவு. நீலகிரி ஈரத்தில் பழைய மின்தேக்கிகள் கசிவது சாதாரணம் என்பதால் இதைச் சின்னத் தாத்தா மிகவும் மெச்சினார்.

பெடலிலிருந்து திரும்பும் சைகை மறுபாதியின் கிரிட்டுக்குப் போகிறது. பிளேட்டில் 100 கிலோ ஓம், கேதோடில் 1.5 கிலோ ஓம். கேதோடு மின்தடைக்கு இணையாக மின்தேக்கி போட்டால் 60 மடங்கு பெருக்கும். போடாவிட்டால் 30 மடங்கு. நாம் இறக்கியது 22 மடங்குதானே; ஆகவே போடவில்லை. ஒரு மின்தேக்கி மிச்சம்.

மூன்றாவது தவறைக் கண்டுபிடித்தது நான் அல்ல, சின்னத் தாத்தா. "உன் வாசலுக்கு முன்னாடி தறிக்கிறதுக்கு வழி சொன்னே. சரி. இஎல்84-லயும் தறிக்குமே, அதுக்கு என்ன பண்ணுவே?" என்றார். எனக்குத் திக்கென்றது. அவர் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு வால்யூம். அது முன்பெருக்கியில் இருக்கிறது. அதை முழுதும் திறந்தால் கடைசி வால்வுகளும் சேர்ந்து தறிக்கும். அந்த இடம் வாசலுக்கு அப்பால். எக்கோ மறுபடியும் தறிப்புக்கு முன்னால் போய்விடும். இவ்வளவு பாடும் வீண். ஆகவே திரும்பி வரும் பாதியின் முடிவில் 250 கிலோ ஓம் திருகு ஒன்றை வைத்தோம். அதைக் குறைத்து வைத்தால் முன்னால் எவ்வளவு தறித்தாலும் இஎல்84-கள் அமைதியாக இருக்கும். புத்தகங்களில் லூப் படம் எல்லாவற்றிலும் இந்தத் திருகு இருந்தது. அலங்காரம் என்று நினைத்து நான் விட்டுவிட்டிருந்தேன்.

அவரைச் சம்மதிக்க வைத்ததும் எளிதாக இல்லை. "சேசிஸ்ல துளை போட்டா திரும்ப அடைக்க முடியாதுடா" என்று ஒரு வாரம் பிடிகொடுக்கவில்லை. ஹீட்டர் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். இருக்கும் வால்வுகள் 2.12 ஆம்பியர், புதியது 0.3, மொத்தம் 2.42. அவர் டிரான்ஸ்பார்மரில் சுற்றிய 6.3 வோல்ட் சுற்று 3 ஆம்பியர் தாங்கும். தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து பெட்டியைத் திருப்பி, சேசிஸின் ஒரு மூலையில் நான்கு திருகாணிகளில் நின்ற ஒரு தகரத் துண்டைக் காட்டினார். அதைக் கழற்றினால் வால்வு சாக்கெட் அளவுக்கு ஒரு வட்டத் துளை! 1981-இல் டிரெமலோ வைப்பதற்காக வெட்டி, வால்வு வாங்கக் கைக்காசு போதாமல் தகரத்தால் மூடிவிட்டாராம்.

புதிய ஈசிசி83-ஐக் குழுவினர் சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்தார்கள். பற்றவைத்தது நான், அவர் கைக்கு இப்போது நடுக்கம். ஜாக்குகளுக்காகப் பின் தகட்டில் போட்ட இரண்டு சிறு துளைகளை மட்டும் அவரே போட்டார். பெடல் சேர்க்காத வேளையில் அனுப்பும் ஜாக்கும் வாங்கும் ஜாக்கும் தாமே இணைந்துகொள்ளும்படி சுவிட்ச் உள்ள ஜாக்காக வைத்ததால், பெடல் இல்லாமலும் பெட்டி பழையபடி பாடும்.

ஒத்திகையில் அண்ணன் வால்யூமை முழுதும் திறந்து ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினார். கரடுமுரடான அந்த ஒலி நின்ற இடத்திலிருந்து பாதி, கால், அரைக்கால் என்று படிப்படியாக இறங்கி மறைந்தது. சின்னத் தாத்தா விரல் விட்டு எண்ணினார். ஆறு வரை கேட்டதாக அவர் சொல்கிறார். எனக்கு ஐந்துதான் கேட்டது.

குறை ஒன்று இன்னும் தீரவில்லை. பெடலைப் பாட்டரியில் ஓட்டினால் சுத்தமாக இருக்கிறது. சுவரிலிருந்து அடாப்டர் போட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பெட்டியும் பெடலும் தனித்தனி வழியில் பூமியைத் தொடுவதால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் அதில் சுற்றுகிறது என்பது என் கருத்து. வாங்கும் ஜாக்கின் எர்த்தைச் சேசிஸில் தொடாமல் தனி ஒயரில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். பெட்டியின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது என்று சின்னத் தாத்தா சத்தியம் வாங்கியிருக்கிறார். செமஸ்டர் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கிறோம்; அதுவரை பாட்டரிதான்.